மொரீஷியசின் பொதுக்கடன்: எண்களை நாமே படிக்கக் கற்போம்

2025 ஜூன் 5 அன்று பிரதமரும் நிதியமைச்சருமான நவீன் ராம்கூலம் படித்த பட்ஜெட் உரையில் இரண்டு எண்கள் இருந்தன. பொதுத்துறைக் கடன் 642 பில்லியன் ரூபாய், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதம். முடியவிருந்த 2024-25 நிதியாண்டின் பற்றாக்குறை அதே உற்பத்தியில் 9.8 சதவீதம். மறுநாள் பேருந்திலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் பேசப்பட்டது வேறொன்று: முதியோர் ஓய்வூதிய வயது 60இலிருந்து படிப்படியாக 65க்குப் போகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வயது ஏன் கூடியது என்பதற்கான விடை, யாரும் கவனிக்காமல் விட்ட அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது. அவற்றைப் படிக்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும்.

கடை நோட்டும் கருவூலமும்

ஊர்ப்புறச் சீனாக்கடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 'கர்னே' இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அரிசி, எண்ணெய், கருவாடு என்று வாங்குவதையெல்லாம் கடைக்காரர் அந்தச் சிறு நோட்டில் எழுதி வைப்பார். கரும்பு வெட்டும் 'கூப்' காலத்தில் கூலி வந்ததும் கணக்கு தீர்க்கப்படும். வெட்டு இல்லாத மாதங்களில் மீண்டும் எழுத்து ஏறும்.

அந்த நோட்டில் இரண்டு எண்கள் உண்டு. இந்த மாதம் வாங்கியதில் கட்டாமல் விட்டது எவ்வளவு என்பது ஒன்று. பழைய பாக்கியையும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் நிற்கும் மொத்தம் இன்னொன்று. முதலாவதுதான் அரசின் கணக்கில் பற்றாக்குறை. இரண்டாவது கடன். பற்றாக்குறை ஓர் ஆண்டின் கதை, கடன் எல்லா ஆண்டுகளின் மிச்சம். "பற்றாக்குறையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று ஓர் அமைச்சர் சொன்னால் கடன் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடன் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் பாதியாகியிருக்கிறது.

ஒப்புமை இதற்கு மேல் போகாது. குடும்பத் தலைவர் ஒருநாள் வேலையை விட்டு ஓய வேண்டும், அதற்குள் பாக்கியைத் தீர்த்தாக வேண்டும். அரசுக்கு ஓய்வு வயது இல்லை. பழைய கடன் முதிரும்போது புதுக் கடன் வாங்கி அதை அடைக்கலாம், வரி போடலாம், சொந்த நாணயமும் உண்டு. எனவே எந்த நாடும் கடனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. வருமானம் வளரும் வேகத்துக்குள் கடன் நின்றால் போதும். சிக்கல் அந்த "வேகத்துக்குள்" என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு வருவதற்குமுன் பணம் எப்படித் திரட்டப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

அரசு யாரிடம் கடன் வாங்குகிறது?

"நாடு முழுவதும் வெளிநாட்டுக்காரனிடம் அடகு" என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. மொரீஷியசைப் பொறுத்தவரை அது சரியில்லை. அரசுக் கடனில் பெரும்பகுதி இங்கேயே, ரூபாயிலேயே வாங்கப்பட்டது. கருவூலத்தின் சார்பில் மொரீஷியஸ் வங்கி, அதாவது நம் மத்திய வங்கி, கடன் பத்திரங்களை ஏலம் விடுகிறது. 91, 182, 364 நாள்களில் முதிரும் குறுகியகாலப் பத்திரங்கள் உண்டு. மூன்றாண்டு, ஐந்தாண்டு முதல் இருபதாண்டு வரையிலான நீண்டகாலப் பத்திரங்களும் உண்டு. வாங்குவோர் வணிக வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள். உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தின் ஒரு பகுதி இந்த வழியில் ஏற்கெனவே அரசிடம் போயிருக்கும்.

குறுகியகாலப் பத்திரத்தில் வட்டி தனியாகத் தரப்படுவதில்லை, விலையிலேயே கழித்துக்கொள்ளப்படும். முகமதிப்பு 100,000 ரூபாய், 364 நாள், வட்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இன்று கட்ட வேண்டியது சுமார் 95,250 ரூபாய். முதிரும் நாளில் முழு 100,000 கைக்கு வரும். இடையிலுள்ள 4,750தான் வட்டி. ஏலத்தில் வாங்க ஆள் குறைந்தால், அரசு அதே 100,000க்குக் குறைந்த விலையை ஏற்க வேண்டும். விலை இறங்கினால் வட்டி ஏறுகிறது என்று பொருள். பத்திரச் சந்தைச் செய்தியில் ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்புவது இந்தத் தலைகீழ் உறவுதான்.

குறுகியகாலப் பத்திரம் வட்டியில் மலிவாகத் தெரியலாம், ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வட்டி விகிதம் 2 புள்ளி ஏறினால் அந்தக் கடன் முழுவதும் ஒரே ஆண்டுக்குள் புது விகிதத்துக்கு மாறிவிடும். இருபதாண்டுப் பத்திரத்தில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் அதற்கு முதலிலேயே கூடுதல் வட்டி தர வேண்டும். ஆகவே மொத்தத் தொகையோடு, அதில் எவ்வளவு அடுத்த ஓராண்டுக்குள் முதிர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டுக் கடன் அளவில் சிறிது, குணத்தில் வேறு. பிரெஞ்சு வளர்ச்சி முகமை, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி போன்றவை நீண்டகாலக் கடன் தந்திருக்கின்றன. மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு இந்தியா ஒரு பகுதியைக் கொடையாகவும் ஒரு பகுதியைக் கடனாகவும் தந்தது. இவற்றைத் திருப்பித் தருவது டாலரில், யூரோவில். 2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 36 ரூபாய், 2024இல் 46 ரூபாயை ஒட்டி. 10 கோடி டாலர் கடன் 360 கோடி ரூபாயாக இருந்தது 460 கோடியாகிவிட்டது. ஒரு சதம்கூடப் புதிதாக வாங்காமல் 100 கோடி ஏறியிருக்கிறது. ரூபாய் வீழ்ச்சி எரிபொருள் விலையை மட்டும் தொடுவதில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஒரு வகுத்தல், ஒரு கூட்டல்

642 பில்லியன் என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. நாட்டின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம், வகுத்தால் தலைக்கு 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் வரும். செய்தித்தாள் தலைப்புக்கு இது நன்றாக இருக்கும், ஆனால் உங்கள் வீட்டுக்கு யாரும் அந்தப் பற்றுச்சீட்டை அனுப்பப் போவதில்லை. திருப்பிக் கட்டும் வலிமை நாட்டின் ஆண்டு உற்பத்தியில் இருக்கிறது. அதனால்தான் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியின், சுருக்கமாக ஜிடிபியின், சதவீதமாகச் சொல்கிறார்கள். 642 பில்லியன் 90 சதவீதம் என்றால் ஜிடிபி சுமார் 713 பில்லியன்.

இதில் கீழே இருக்கும் எண்ணும் அசையும். 2020இல் கோவிட் காரணமாக விமானங்கள் நின்றன, ஓட்டல்கள் மூடின, பொருளாதாரம் 14 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அதற்குமுன் கடன் 65 சதவீதத்தை ஒட்டி இருந்தது. புதிதாக ஒரு ரூபாய்கூட வாங்காமல் இருந்திருந்தாலும், உற்பத்தி 15 சதவீதம் குறைந்தால் 65 என்பது 76 ஆகிவிடும் (65 ÷ 0.85). அதன்மேல் சம்பள உதவி, நிவாரணம் என்று வாங்கிய கடனும் ஏறியது. அந்த ஆண்டின் கடனை ஊதாரித்தனம் என்று சொல்வது அநீதி. அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டும். சுற்றுலா திரும்பியது, ஜிடிபி வேகமாக மீண்டது, ஆனாலும் கடன் விகிதம் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை.

இப்போது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால், இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள்:

அடுத்த ஆண்டுக் கடன் விகிதம் = இந்த ஆண்டுக் கடன் விகிதம் ÷ (1 + ஜிடிபி வளர்ச்சி) + அடுத்த ஆண்டுப் பற்றாக்குறை

இங்கே வளர்ச்சி என்பது விலைவாசி உயர்வையும் சேர்த்தது. செய்தியில் வரும் 3 சதவீத வளர்ச்சியோடு விலை உயர்வு 4 சதவீதம் சேர்ந்தால் 7 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

90ஐ 1.07ஆல் வகுத்தால் 84.1. வளர்ச்சி மட்டுமே விகிதத்தை 5.9 புள்ளி இறக்கிவிட்டது. பற்றாக்குறை 5.9க்குள் இருந்தால் விகிதம் ஏறாது. 9.8 ஆக இருந்தால் 84.1 + 9.8 = 93.9. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 4 புள்ளி ஏற்றம்.

வளர்ச்சி 7 இல்லாமல் 4 ஆகிவிட்டால்? 90 ÷ 1.04 = 86.5. இப்போது தாங்கக்கூடிய பற்றாக்குறை 3.5 மட்டுமே. இனி வட்டியை உள்ளே கொண்டுவாருங்கள். கடனுக்குச் சராசரி வட்டி 5 சதவீதம் என்று கொண்டால், 90 சதவீதக் கடனுக்கு வட்டி ஜிடிபியில் 4.5 சதவீதம். 7 சதவீத வளர்ச்சியில் 5.9 இடம் இருந்தது. வட்டி போக, மற்றச் செலவுகள் வரி வருமானத்தைத் தாண்ட 1.4 தான் இடம். 4 சதவீத வளர்ச்சியிலோ இருந்த இடமே 3.5, வட்டி 4.5. அதாவது பள்ளி, மருத்துவமனை, சாலை, ஓய்வூதியம், போலீஸ் எல்லாவற்றுக்கும் செலவழித்தபின் வரி வருமானத்தில் 1 புள்ளி மிஞ்ச வேண்டும், அப்போதுதான் கடன் நின்ற இடத்தில் நிற்கும். வட்டியைத் தவிர்த்துக் கணக்கிடும் இந்த நிலைக்கு முதன்மை மிச்சம் அல்லது முதன்மைப் பற்றாக்குறை என்று பெயர். இன்றைய அரசு இன்று செய்யும் செலவை அளக்க இதுவே சரியான அளவுகோல், ஏனென்றால் வட்டி பழைய அரசுகளின் முடிவு.

செலவு எங்கே ஏறியது?

முதியோர் அடிப்படை ஓய்வூதியம் மொரீஷியசின் பெருமைகளில் ஒன்று. கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்கும் ஒரே தொகை, யாரிடமும் கையேந்த வேண்டாம். அதைக் காக்க வேண்டும் என்பதில் இந்தக் கட்டுரைக்கு ஐயமில்லை. ஆனால் அதன் தொகை எப்படி ஏறியது என்பதைத் தேதியோடு பார்க்க வேண்டும். 2014 டிசம்பர் தேர்தலையொட்டி 3,623 ரூபாயிலிருந்து 5,000. 2019 நவம்பர் தேர்தலுக்குப்பின் 9,000. தேர்தல் ஆண்டான 2024இல் 13,500. பிறகு 15,000.

கணக்கு எளிது. 10,000 பேருக்கு மாதம் 15,000 என்றால் 15 கோடி ரூபாய். ஆண்டிறுதி போனசைச் சேர்த்து 13 மாதம், 195 கோடி. பெறுவோர் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஆகவே ஆண்டுக்கு 4,800 கோடி ரூபாய்க்கு மேல், அதாவது 48 பில்லியன், ஜிடிபியில் ஏறக்குறைய 7 சதவீதம். இதில் மாதம் 1,000 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 325 கோடி. ஒரு மேடையில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், முதியோர் எண்ணிக்கை கூடக்கூட அந்த வாக்கியத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாலம் கட்டினால் செலவு ஒருநாள் முடியும். இது முடியாத வகை. செலவைப் பற்றி யோசிக்கும்போது "எவ்வளவு" என்பதற்கு முன்னால் "எத்தனை ஆண்டு" என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

2024 நவம்பர் தேர்தலில் இரு பெரும் கூட்டணிகளும் 14ஆம் மாதச் சம்பளம் தருவதாக வாக்களித்தன. வென்ற கூட்டணி 50,000 ரூபாய்வரை அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கு டிசம்பரிலேயே அதைக் கொடுக்கச் செய்தது. அதற்கு அரசின் பங்குக்கு எந்த வரியிலிருந்து பணம் வரும் என்று இரு தரப்பிலும் யாரும் தேர்தலுக்கு முன் விளக்கவில்லை. ஆக, இது ஒரு கட்சியின் நோய் இல்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு ஊழியர் சம்பளம் ஊதிய ஆய்வுக் குழுவின் அறிக்கைப்படி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக ஏறும். அரசு சார்ந்த நிறுவனங்கள் நட்டப்பட்டால் கருவூலம் தாங்கும். 2020 ஏப்ரலில் ஏர் மொரீஷியஸ் விமான நிறுவனம் நொடித்து, வெளியிலிருந்து நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது, மீட்க அரசுப் பணம் வேண்டியிருந்தது. பெரிய கட்டுமானங்கள் மதிப்பிட்ட தொகையில் முடிவது அரிது.

நோட்டில் எழுதப்படாத கடன்

கடைக்காரரின் கர்னேயில் ஏறாமல் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினால், கர்னே சுத்தமாகத்தான் இருக்கும். பொதுக் கணக்கில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்கள் சட்டைப்பையில் ஒரு ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். மதிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். அந்த எழுத்துகளின் வரிசை மாறியதற்காக 1998இல் புது நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தது இங்குள்ள தமிழ்ச் சமூகம். அந்த நோட்டை வெளியிடுவது அரசு இல்லை, மத்திய வங்கி. அதன் ஏட்டில் அது வங்கியின் பொறுப்பு, அதாவது ஒருவகைக் கடன். வங்கியை அரசின் கஜானாவிலிருந்து தள்ளி வைத்திருப்பதே அந்த எழுத்துக்குப் பின்னாலுள்ள மதிப்பைக் காக்கத்தான்.

2019இல் மொரீஷியஸ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, வங்கியின் சிறப்புக் கையிருப்பு நிதியிலிருந்து 18 பில்லியன் ரூபாய் அரசின் வெளிநாட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க எடுக்கப்பட்டது. 2020இல் கோவிட் நெருக்கடியில் வங்கி அரசுக்கு 60 பில்லியன் கொடுக்க முடிவானது. அதே ஆண்டு ஜூனில் மொரீஷியஸ் முதலீட்டுக் கழகம் என்ற துணை நிறுவனத்தை வங்கி தொடங்கி, நொடித்த நிறுவனங்களுக்கு முதலீடாகத் தர 80 பில்லியன் ஒதுக்கியது.

அவசரத்துக்கு மருந்து வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வங்கி தரும் பணம் அரசின் பக்கத்தில் வரவாக எழுதப்பட்டால் பற்றாக்குறை சிறியதாகத் தெரியும். கடனும் ஏறாது. ஆனால் அந்தப் பணம் செலவாகி வணிக வங்கிகளில் குவியும். சும்மா விட்டால் வட்டி சரியும், விலை ஏறும், டாலரை நோக்கி ஓடும். அதைத் தடுக்க மத்திய வங்கி தன் பெயரிலேயே பத்திரம் வெளியிட்டுப் பணத்தை உறிஞ்ச வேண்டும், அதற்கு வட்டியும் கட்ட வேண்டும். அந்தப் பத்திரங்கள் பொதுத்துறைக் கடன் எண்ணில் சேராது. கடன் மறையவில்லை, ஏடு மாறியிருக்கிறது. 2022இல் விலைவாசி 10.8 சதவீதம் ஏறியது. உலக எரிபொருள், கப்பல் கட்டணம், உக்ரைன் போர் எல்லாம் அதில் பங்கு வகித்தன. பலவீனமான ரூபாயும் பங்கு வகித்தது. இறக்குமதியில் வாழும் தீவில் அரிசி, மாவு, பருப்பு, மருந்து என்று ஒவ்வொன்றிலும் அது தெரியும். வரிச்சட்டம் எதுவும் இல்லாமல் ஏழை வீட்டிலிருந்து வசூலாகும் வரி என்று பணவீக்கத்தைச் சொல்வது மிகையில்லை.

இரண்டாவது இடம் சிறப்பு நிதிகள். பட்ஜெட்டிலிருந்து ஒரு தொகையைத் தனி நிதிக்கு மாற்றிவிடுவார்கள். செலவு எழுதப்படும் ஆண்டு ஒன்று, நடக்கும் ஆண்டு வேறு. கோவிட்-19 திட்ட வளர்ச்சி நிதி இந்த வகை. பிந்தைய ஆண்டில் உண்மையான செலவு பட்ஜெட்டுக்கு வெளியே நடக்கும், அந்த ஆண்டின் பற்றாக்குறை அழகாக இருக்கும். பன்னாட்டு நாணய நிதியம் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறது.

மூன்றாவது, எதிர்கால வாக்குறுதி. 2020 ஆகஸ்ட்வரை ஊழியரும் முதலாளியும் கட்டியது தேசிய ஓய்வூதிய நிதிக்கு. அது சேர்ந்து வளரும் நிதி. அதற்குப் பதிலாக வந்த பொதுச் சமூகப் பங்களிப்பு, அதாவது சிஎஸ்ஜி, சேர்த்து வைக்கும் ஏற்பாடு இல்லை. இன்றைய வசூல் இன்றைய செலவுக்கே போகிறது. இன்று கட்டும் முப்பது வயதுக்காரருக்கு நாளை தர வேண்டியது எந்தக் கடன் பட்டியலிலும் எழுதப்படவில்லை.

சட்டத்தில் வேலி இல்லாமல் இல்லை. 2008இன் பொதுக்கடன் மேலாண்மைச் சட்டம் கடன் விகிதத்துக்கு உச்சவரம்பு வைத்தது, 50 சதவீதத்துக்கு இறக்கக் கெடுவும் வைத்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2020இல் வரம்பே எடுக்கப்பட்டது. நெருக்கடியில் வேலியைத் தற்காலிகமாகத் திறப்பதற்கும் பிடுங்கி எறிவதற்கும் வேறுபாடு உண்டு. திறந்திருந்தால் மூடும் தேதி ஒன்றை அதே சட்டத்தில் எழுதியிருக்கலாம்.

2024 இறுதியில் புது அரசு, பற்றாக்குறையும் கடனும் முன்பு காட்டப்பட்டதைவிட அதிகம் என்று அறிக்கை வெளியிட்டது. 2025 ஜனவரியில், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் நம் நாட்டின் எதிர்பார்ப்பை "எதிர்மறை" ஆக்கியது. தரமதிப்பீடு 2022 ஜூலையிலேயே பிஏஏ3க்கு இறங்கியிருந்தது, அது முதலீட்டுக்கு உகந்தவை என்ற வரிசையின் கடைசிப் படி. அதற்குக் கீழே போனால் சில வெளிநாட்டு நிதிகள் தம் விதிப்படியே இங்கே பணம் போட முடியாது. எந்த வங்கியும் தன் நாட்டைவிட உயர்ந்த மதிப்பீடு பெறுவது கடினம் என்பதால், வங்கிகள் வெளியில் வாங்கும் கடனும் விலை ஏறும். எபேன் சைபர் சிட்டியில் நிதித்துறையில் வேலை செய்யும் பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது தொலைவான செய்தியாகத் தோன்றாது.

முன்பு ஒருமுறை

1974இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை எகிறியது. நாட்டுக்குப் பணம் கொட்டியது, சம்பளமும் மானியமும் அரசுச் செலவும் அந்த உயரத்துக்கு ஏற்ப ஏறின. சில ஆண்டுகளில் சர்க்கரை விலை விழுந்தது, எண்ணெய் விலை ஏறியது. செலவு மட்டும் கீழே இறங்கவில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்தது. 1979இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 1981இல் மீண்டும். பன்னாட்டு நாணய நிதியத்திடமும் உலக வங்கியிடமும் போக வேண்டியிருந்தது. நாடு மீண்டது, ஏற்றுமதி ஆலைகளும் சுற்றுலாவும் 1980களில் கைகொடுத்தன. தற்காலிக வரவை நிரந்தரச் செலவாக மாற்றியதுதான் அன்றைய பிழை.

2022இல் இலங்கையைப் பார்த்தவர்கள் "நமக்கும் அதுவா?" என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. அங்கே டாலர் கடன் மலையாக இருந்தது, கையிருப்பு காலியாக இருந்தது. இங்கே கடனில் பெரும்பகுதி ரூபாயில். திடீரெனப் பெட்ரோல் நிலையத்தில் வரிசை நிற்கும் காட்சிக்கு வாய்ப்பு குறைவு. இங்கு வரக்கூடியது மெதுவான வகை: வட்டி ஏறும், ரூபாய் தேயும், சேமிப்பின் வாங்கும் சக்தி ஆண்டுதோறும் கரையும். அரசுப் பத்திரத்தை வைத்திருப்பது நம் வங்கியும் நம் ஓய்வூதிய நிதியும் என்பதால், அரசு கட்டத் தவறினால் இழப்பவரும் நாம்தான்.

இலக்கைச் சோதித்துப் பார்க்க

2025-26 பட்ஜெட் பற்றாக்குறையை 4.9 சதவீதத்துக்கும் 2027-28இல் 1.3 சதவீதத்துக்கும் இறக்குவோம், கடனை 75க்குக் கொண்டுவருவோம் என்கிறது. சூத்திரத்தை எடுத்துக்கொண்டு நாமே போட்டுப் பார்ப்போம். வளர்ச்சி 7 சதவீதம், நடு ஆண்டுக்கு 3 சதவீதப் பற்றாக்குறை என்று நாமாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஆண்டு: 90 ÷ 1.07 + 4.9 = 89.0.
இரண்டாம் ஆண்டு: 89.0 ÷ 1.07 + 3 = 86.2.
மூன்றாம் ஆண்டு: 86.2 ÷ 1.07 + 1.3 = 81.9.

ஒவ்வோர் ஆண்டும் சொன்ன பற்றாக்குறையை அப்படியே எட்டினாலும் 75க்கு இன்னும் 7 புள்ளி இடைவெளி. அதை மூடச் சில வழிகள் உண்டு: வேகமான வளர்ச்சி, அரசுச் சொத்தை விற்பது, ஒருமுறை வரும் வரவு. பிரிட்டன் வசமுள்ள சாகோஸ் தீவுகளை மொரீஷியசிடம் ஒப்படைப்பதற்கான ஒப்பந்தம் அந்த மூன்றாவது வகை. 2025 மே 22 அன்று கையெழுத்தான அதன்படி முதல் மூன்று ஆண்டுகளில் பிரிட்டன் ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்டு தர வேண்டும். பவுண்டுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 990 கோடி ரூபாய், ஜிடிபியில் 1.4 சதவீதம், மூன்று ஆண்டுக்கு 4 புள்ளிக்குச் சற்று மேல். கையெழுத்து வேறு, இரு நாட்டிலும் நடைமுறை முடிந்து பணம் வருவது வேறு. அது பற்றாக்குறைக் கணக்கில் வரவாக ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தால் இங்கே மறுபடி கூட்டவும் கூடாது.

ஓய்வூதிய வயதை உயர்த்துவதன் பயன் உடனே பெரிதாகத் தெரியாது. படிப்படியாக வருவதால் மூன்றாண்டு இலக்குக்கு அது ஓரளவே உதவும், அதன் எடை அடுத்த பத்தாண்டில்தான். உடனடி வருமானத்துக்கு ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டுவோரிடம் கூடுதலாக 15 சதவீதம் கேட்கும் ஏற்பாடும் அதே பட்ஜெட்டில் வந்தது. பழைய தவறுகளின் விலையை 60 வயதில் ஓய்வை எதிர்பார்த்த துப்புரவுத் தொழிலாளியும் அந்த 1.2 கோடிக்காரரும் எந்த அளவில் பகிர்கிறார்கள் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். அது கணக்குக் கேள்வியாகவும் நியாயக் கேள்வியாகவும் இருக்கிறது.

அடுத்த ஜூன் மாதம் பட்ஜெட் படிக்கப்படும்போது, புது அறிவிப்புகளுக்கு முன் பழைய ஆண்டின் நிலவரத்தைத் தேடிப் பாருங்கள். போன ஆண்டு மதிப்பிட்ட பற்றாக்குறை எவ்வளவு, நடந்தது எவ்வளவு? இரண்டும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கம் விலகினால் மதிப்பீட்டில் நம்பிக்கை அதிகம் கலந்திருக்கிறது. பிறகு இரண்டு ஆண்டுகளின் மொத்தக் கடனையும் ரூபாயில் எடுத்துக் கழியுங்கள். கடன் 50 பில்லியன் ஏறியிருக்க, பற்றாக்குறை 35 பில்லியன் என்று சொன்னால், 15 பில்லியன் எங்கோ போயிருக்கிறது. டாலர் விலை ஏறியதாக இருக்கலாம், அரசு நிறுவனத்துக்குத் தந்த கடனாக இருக்கலாம், முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்த பணமாக இருக்கலாம், பட்ஜெட்டுக்கு வெளியே நடந்த செலவாகவும் இருக்கலாம். பொதுக்கடன் விவரத்தை நிதியமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. கழித்தபின் மிஞ்சும் அந்த 15 பில்லியனைப் பற்றி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்கலாம். நாடாளுமன்றத்தில் கேள்வியாக வைக்க அவருக்கு உரிமை இருக்கிறது, அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்.